மூன்று கீரிப்பிள்ளைகள்



போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி இங்கிலாந்திலிருந்து கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீளமான உடம்பு, குட்டைக் கால்கள், கூரான மூக்கு, துறுதுறு கண்கள்... அவள் மகளின் தோளில் துண்டு போட்டதுபோல் படுத்திருந்தது ஒரு பிராணி. "டீச்சர், உங்க சண்டியர் மாதிரியே இருக்கு பாருங்க!" என்று எழுதியிருந்தாள்.

பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

படத்தில் இருந்த பிராணியின் பெயர் ஃபெரெட். முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்டுவதற்காக, ஐரோப்பாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் பழக்கிய பிராணி அது. தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து, நாயையும் பூனையையும் போல வீட்டுப் பிராணி ஆகிவிட்டது. பார்க்கக் கீரி மாதிரி இருந்தாலும் அது கீரிக்குச் சொந்தம் இல்லை. ஃபெரெட், நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. கீரியோ பூனைக்கும் கழுதைப்புலிக்கும் நெருக்கமான இனம். என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா?

சரி, யார் அந்தச் சண்டியர்? அவன் ஒரு கீரிப்பிள்ளை. எங்கள் வீட்டில் வளர்ந்த மூன்று கீரிப்பிள்ளைகளில் ஒருவன். அந்த மூவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று யாரும் கீரியைப் பிடிக்கவோ வளர்க்கவோ கூடாது. அது சட்டப்படி குற்றம். இந்தக் கதையை முழுவதும் படித்தால், அந்தச் சட்டம் எவ்வளவு சரி என்று உங்களுக்கே தெரியும்.

துண்டில் வந்த விருந்தாளிகள்

1970-ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கிராமம். அப்போது அது ராமநாதபுரம் மாவட்டம். 1985-இல்தான் விருதுநகர் மாவட்டம் பிறந்தது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பு, சோளம், பருத்தி, மிளகாய், மல்லி. பெய்யாவிட்டால் வேலிக்கருவை மட்டும். குண்டாற்றில் தண்ணீர் ஓடிய நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பங்குனி மாதம். பருத்திமார் பிடுங்கி முடித்து, அய்யா புஞ்சை ஓரத்து முள்ளை வெட்டிக்கொண்டிருந்தார். (எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம்.) அங்கே ஒரு தாய்க்கீரி செத்துக் கிடந்தது. நாய்கள் கடித்திருந்தன. பக்கத்து வளையிலிருந்து கீச் கீச்சென்று சத்தம். கையை விட்டுப் பார்த்தால் மூன்று குட்டிகள்! அப்போதுதான் கண் திறந்தவை. அப்படியே விட்டால் பொழுது சாய்வதற்குள் காக்காய் கொத்திவிடும். அய்யா தலைத்துண்டை அவிழ்த்து, மூன்றையும் அதில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"ஏப்பா, ஊருல உள்ளதுக்கே கஞ்சியக் காணோம். இதுல இதுக வேறயா?" என்று அப்பத்தா சத்தம் போட்டாள். போட்டுக்கொண்டே ஆட்டுப்பால் எடுக்கப் போய்விட்டாள்! பஞ்சைத் திரியாகத் திரித்து, பாலில் நனைத்து, ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தாள். மூன்றும் சப்பிச் சப்பிக் குடித்தன.

ஆளுக்கொரு குணம்

இரண்டு மாதத்தில் மூன்றும் வீட்டையே தலைகீழாக்கிவிட்டன. முதலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஒரே சாம்பல் நிறம், ஒரே குஞ்சம் வால். ஆனால் பழகப் பழகப் பார்த்தால், ஒரு வயிற்றில் பிறந்த மூன்றுக்கும் மூன்று குணம்!

முதல் ஆள் சண்டியர். யாருக்கும் பயப்பட மாட்டான். அவனைப் போல மூன்று மடங்கு இருந்த சேவலிடம் சண்டைக்குப் போய், இடது காது நுனியைப் பறிகொடுத்தான். மறுநாளும் போனான்! முட்டை என்றால் உயிர். முன்னங்கால்களால் இறுக்கிப் பிடித்து, முனையில் ஓட்டை போட்டு உறிஞ்சிவிட்டு, வெறும் கூட்டை அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவான். புது ஆள் யார் வந்தாலும் நேரே போய்க் காலை மோந்து பார்ப்பான். அவன் பயந்த ஒரே ஆள் அப்பத்தாதான்.

இரண்டாம் ஆள் கணக்குப்பிள்ளை. ஆம், அதுதான் அவன் பெயர்! ஒவ்வொரு நாளும் வெயில் ஏறியதும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். முதலில் குலுக்கையின் அடி, அடுத்து ஆட்டுரல், பிறகு மாட்டுத் தொழுவம், கடைசியில் சோளத்தட்டைப் படப்பு. வரிசை மாறாது. எங்காவது ஒரு சட்டி இடம் மாறி இருந்தால், நின்று நிமிர்ந்து பார்த்து, மோந்து, அது சட்டிதான் என்று உறுதியான பிறகே மேலே போவான். "கணக்குப்பிள்ளை வரவு செலவு பாக்கக் கெளம்பிட்டாரு" என்று அய்யா சிரிப்பார். அவன் வந்த பிறகு எங்கள் வீட்டில் எலி கிடையாது.

மூன்றாவது சிட்டு. அவள் ஒருத்திதான் பெண். பயந்த சுபாவம். இடி இடித்தால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிவாள். வெட்டுக்கிளி பிடிப்பாள், பல்லி பிடிப்பாள். அதற்கு மேல் போக மாட்டாள். ஆனால் பாசக்காரி. மத்தியானம் நான் பாய் விரித்துப் படித்தால், என் கழுத்தடியில் சுருண்டு படுத்துக்கொள்வாள். அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் கன்னத்தில் தெரியும்.

பிள்ளைகளே, கீரியின் கண்ணைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? நம் கண்மணி வட்டம். பூனையின் கண்மணி வெயிலில் செங்குத்துக் கோடாகும். கீரியின் கண்மணியோ ஆட்டுக்கு இருப்பதுபோலப் படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அதன் முடியும் அதிசயம்தான். ஒவ்வொரு முடியிலும் கருமையும் வெளுப்பும் வளையம் வளையமாக மாறி மாறி வரும். அதனால்தான் கீரியின் உடம்பு உப்பும் மிளகும் கலந்து தூவியதுபோல் தெரிகிறது. இந்த முடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

"அவன் வந்துட்டானா?"

அப்பத்தா கீரிகளை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. "கணக்குப்பிள்ள சாப்புட்டானா? சிட்டு எங்க, அவளக் காணோம்?" என்றுதான் கேட்பாள்.

இப்படிப் பேசிய இன்னொருவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். 1879-இல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி! திருவண்ணாமலையில் அவர் இருந்த இடத்தில் பசு, நாய், குரங்கு, அணில், மயில் எல்லாம் உரிமையோடு வந்து போகும். அவற்றையும் அவர் மனிதர்களைச் சொல்வதுபோல அவன், அவள் என்றே சொல்வார். லட்சுமி என்ற பசு 1948-இல் இறந்தபோது ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி கட்டினார்கள். நாய்க்கும் மானுக்கும் காக்கைக்கும்கூட அங்கே சமாதி உண்டு.

நம் மொழியும் அப்படித்தான் பாருங்கள். அணிலை அணிற்பிள்ளை என்கிறோம். கிளியைக் கிளிப்பிள்ளை என்கிறோம். கீரியைக் கீரிப்பிள்ளை என்கிறோம். பிள்ளை என்று கூப்பிட்ட பிறகு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குணம் இருக்காதா என்ன?

பாம்பும் கணக்குப்பிள்ளையும்

ஆவணி மாதம் ஒரு காலை. தொழுவத்தில் மாடு மிரண்டு கத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தால் நல்லபாம்பு! படம் எடுத்து நிற்கிறது. "சண்டியரக் கூப்புடு!" என்று ஆளாளுக்குக் கத்தினோம். சண்டியர் எங்கே? பக்கத்து வீட்டு முட்டைக் கூடையில்!

வரிசைப்படி சுற்றி வந்துகொண்டிருந்த கணக்குப்பிள்ளைதான் தொழுவத்துக்குள் நுழைந்தான். நின்றான். உடம்பு முடி முழுவதும் சிலிர்த்து, இரண்டு மடங்கு பெரியவனாகத் தெரிந்தான். பாய்ந்துவிடவில்லை. பாம்பைச் சுற்றி நடந்தான். பாம்பு கொத்தியது, விலகினான். மறுபடி கொத்தியது, மறுபடி விலகினான். அவசரமே இல்லை. எத்தனை முறை என்று எண்ண முடியவில்லை. பாம்பு அலுத்துப் போய்த் தலையைத் தாழ்த்திய ஒரு நொடியில், தலையைக் கவ்விவிட்டான். அவ்வளவுதான்!

பாம்பு கடித்தால் கீரி காட்டுக்குள் ஓடி ஒரு மூலிகையில் புரண்டு விஷத்தை முறித்துக்கொள்ளும் என்று அப்போது எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உண்மை இல்லை. உண்மை அதைவிடச் சுவையானது. நல்லபாம்பின் விஷத்தில் உள்ள நஞ்சு, நம் தசைகளில் நரம்பின் கட்டளையை வாங்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குள் வேறு சாவி சிக்கிக்கொண்டதுபோல! உடனே தசை செயல் இழக்கும், மூச்சும் நிற்கும். கீரிக்கு அந்தப் பூட்டின் அமைப்பே சற்று வேறு. அதனால் நஞ்சு சரியாக ஒட்டுவதில்லை. இதை 1992-இல் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

அதற்காகக் கீரிக்கு விஷமே ஏறாது என்று நினைக்காதீர்கள். கடி பலமாக விழுந்தால் கீரியும் சாகும். அதனால்தான் அது கடிபடாமல் விலகி விலகிச் சண்டை போடுகிறது. அதைக் காப்பாற்றுவது முதலில் அதன் வேகமும் பொறுமையும். அப்புறம்தான் உடம்பின் அமைப்பு. அந்தப் பொறுமை எங்கள் கணக்குப்பிள்ளையிடம் இருந்தது.

நான் செய்த தவறு

இனி சொல்லப் போவதை என் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட நான் அதிகம் சொன்னதில்லை.

கணக்குப்பிள்ளை பாம்பை ஜெயித்த கதையைப் பள்ளியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். "எங்க வீட்டுக் கீரி எல்லாமே அப்படித்தான்" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். ஐப்பசியில் ஒருநாள், கண்மாய் மடைப் பக்கம் ஒரு பாம்பு கிடப்பதாகப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "எங்க, ஒங்க கீரியக் கொண்டா பாப்போம்!"

வீட்டில் இருந்தது சிட்டு மட்டும்தான். கழுத்தில் சணல் கயிற்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். பின்னால் இருபது பிள்ளைகள். மடைக் கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி விட்டேன். சிட்டு இரண்டு அடி நடந்தாள். மூக்கைத் தூக்கி மோந்தாள். அடுத்த நொடி என் கையிலிருந்த கயிற்றையும் பறித்துக்கொண்டு, வந்த வழியே பறந்துவிட்டாள்!

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன. வீட்டுக்கு வந்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த சிட்டுவை இழுத்து, கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் போட்டு மூடினேன். மேலே ஒரு கல்லையும் வைத்தேன். ராத்திரி சோறு வைக்கவில்லை.

அப்பத்தாவுக்குத் தெரியாமலா போகும்? அவள் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் படுக்க வைத்து ஒரு கதை சொன்னாள். தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் அவசரப்பட்டுக் கொன்றுவிட்ட தாயின் கதை. உங்களுக்கும் தெரிந்த கதைதான். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, நம் சிலப்பதிகாரத்திலும் இந்தக் கதை வருகிறது என்று! கீரியைக் கொன்றதால் கணவன் விட்டுப்போன அந்தப் பெண்ணுக்குக் கோவலன் உதவியதாக அடைக்கலக் காதையில் மாடலன் சொல்கிறான்.

கதையை முடித்துவிட்டு அப்பத்தா கேட்டாள்: "ஏத்தா, அவ கொன்னா. நீ என்ன பண்ணியிருக்க?"

எழுந்து ஓடிப்போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கினேன். சிட்டு வெளியே வந்தாள். அப்பத்தாவிடம் ஓடினாள். அன்றிலிருந்து என் கழுத்தடியில் படுக்க அவள் வரவே இல்லை. என் கையில் வெட்டுக்கிளி இருந்தாலும் எட்ட நின்றே பார்ப்பாள். ஒரு ராத்திரியில் இழந்ததை ஆறு மாதம் கெஞ்சியும் என்னால் மீட்க முடியவில்லை.

கொழும்பில் ஒரு கீரி

பல ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிட்டுவின் கதை அதில் அப்படியே இருந்தது!

தென் அமெரிக்காவில் சிலி என்றொரு நாடு உண்டு. அந்த நாட்டின் பெரிய கவிஞர் பாப்லோ நெரூடா. 1971-இல் நோபல் பரிசு பெற்றவர். இளைஞராக இருந்தபோது 1929-இல் தன் நாட்டின் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையில், கடலோரத்தில் வீடு. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அப்போது ஒரு கீரியை வளர்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? கிரியா! நம் 'கீரி' போலவே ஒலிக்கிறது, இல்லையா?

கிரியா அவரோடு சாப்பாட்டு மேசைக்கு வரும். அவர் எழுதும் தாள்களின் மேல் நடக்கும். மத்தியானத்தில் அவர் தோளுக்கும் தலைக்கும் நடுவில் சுருண்டு தூங்கும். ஒருநாள் தெருவில் ஒரு கொடிய பாம்பு வந்துவிட்டது. அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் அவர் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். அவர் கிரியாவைக் கையில் ஏந்தி ஊர்வலமாக முன்னே நடந்தார். பாம்புக்கு அருகில் இறக்கி விட்டார். கிரியா மெல்ல மெல்லப் பாம்பை நெருங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான்! ஒரே துள்ளு. திரும்பிப் பார்க்காமல் ஓடிய கிரியா, வீட்டுப் படுக்கை அறைக்குள் போய்த்தான் நின்றதாம்!

நெரூடா என்ன செய்தார்? கோபப்படவில்லை. தன் மானம் போன கதையைச் சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தத் தன்வரலாறு அவர் மறைவுக்குப் பிறகு 1974-இல் வெளிவந்தது. அதைப் படித்தபோது, பஞ்சாரத்தின் மேல் நான் வைத்த கல் என் நெஞ்சில் இருப்பதுபோல் இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. கொழும்பிலிருந்து வேலை மாறி, இன்று இந்தோனேசியாவில் உள்ள பட்டேவியாவுக்குப் போனபோது, கிரியாவையும் கூடவே கொண்டு போனார். தெரியாத ஊர். அங்கே ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறிய கிரியா திரும்பவே இல்லை.

சண்டியருக்கு நேர்ந்தது

எங்கள் சண்டியரும் திரும்பவில்லை.

தை பிறக்கும் நேரம். வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் வலையும் சாக்குமாக வந்து வேலி ஓரங்களில் திரிந்தார்கள். காட்டுக் கீரியாக இருந்தால், மனித வாடை பட்டதுமே புதருக்குள் பாய்ந்திருக்கும். எங்கள் சண்டியர்தான் புது ஆளைக் கண்டால் நேரே போய்க் காலை மோந்து பார்ப்பவன் ஆயிற்றே! அவனே நடந்து போயிருக்கிறான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தான். அய்யா போவதற்குள் அந்த ஆட்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

"எதுக்குய்யா பிடிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"முடிக்கு" என்றார் அய்யா. வேறு எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "காட்டுப் பிள்ளைய வீட்டுப் பிள்ளையா ஆக்குனது நம்ம தப்பு. மனுசனுக்குப் பயப்படணும்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அன்று முதல் கீரிகளுக்குச் சோறு வைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கணக்குப்பிள்ளையின் சுற்று படப்பைத் தாண்டிப் புஞ்சை வரை நீண்டது. பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தான். ஒருநாள் வரவில்லை. சிட்டுவும் போனாள்.

தூரிகைக்குள் ஒளிந்திருந்தது

நான் வளர்ந்து ஆசிரியை ஆனேன். ஓவியப் போட்டி என்றால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல தூரிகை வாங்கிக் கொடுப்பேன். மெல்லிய முனை, வண்ணத்தை நன்றாக உறிஞ்சும், கோடு இழுத்தால் பிசிறாது. அது எதன் முடி என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

2019-இல் செய்தித்தாளில் ஒரு செய்தி படித்தேன். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, கீரி முடியில் செய்த தூரிகைகளைப் பிடித்திருக்கிறது. ஒரு கீரியின் உடம்பில் தூரிகைக்கு உதவும் முடி ஏறத்தாழ 20 கிராம்தான் தேறுமாம். அப்படியானால் ஒரு கிலோ முடிக்கு எத்தனை கீரி? கணக்குப் போடுங்கள் பார்ப்போம். ஐம்பது!

என் கையால் எத்தனை சண்டியர்களை வாங்கிக் கொடுத்தேனோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1972-இல் நம் நாட்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஆறு வகைக் கீரிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்று இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கீரியைப் பிடிப்பது, வளர்ப்பது, கொல்வது, அதன் முடியையோ அந்த முடியில் செய்த தூரிகையையோ விற்பது எல்லாமே குற்றம்.

அதனால் பிள்ளைகளே, தூரிகை வாங்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முடியின் அடி கரும்பழுப்பு, நடு வெளுப்பு, நுனி மறுபடி கரும்பழுப்பு என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். முன்னே சொன்ன வளையம் நினைவிருக்கிறதா? கடைக்காரரிடம், "நைலான் தூரிகை கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும். படமும் அழகாகவே வரும்.

இடம் மாறினால்...

'சரி டீச்சர், வளர்க்கத்தானே கூடாது? பிடித்துக் கொண்டு போய் வேறு இடத்தில் விட்டால் என்ன?' என்று உங்களில் யாராவது கேட்கலாம். அதையும் மனிதர்கள் செய்து பார்த்துவிட்டார்கள்.

1872-இல் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்கா தீவுக்குக் கப்பலில் கொண்டு போனார்கள், கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்க. அவை பெருகின. எலியோடு நிற்காமல் பறவைகளையும் முட்டைகளையும் தின்றன. ஜப்பானில் அமாமி ஓஷிமா என்ற தீவில், பாம்பைக் குறைக்க 1979-இல் கீரிகளை விட்டார்கள். கீரி பகலில் திரியும். அந்த ஊர்ப் பாம்போ இரவில் திரியும். இரண்டும் சந்தித்துக்கொண்டால்தானே! கீரிகள் அந்தத் தீவின் அரிய முயல்களைத் தின்னத் தொடங்கின. பல ஆண்டுகள் பாடுபட்டு எல்லாக் கீரிகளையும் ஒழித்துவிட்டதாக ஜப்பான் அறிவித்தது 2024-இல்தான். கீரியின் மேல் என்ன குற்றம்? அது தன் குணப்படி நடந்தது. இடத்தை மாற்றியது மனிதன்.

கண்மாய்க் கரையில்

சிட்டு போன மறு ஆண்டு ஆடி மாதம். பள்ளி விட்டுக் கண்மாய்க் கரையில் வந்துகொண்டிருந்தேன். பனைமரத்தடியிலிருந்து ஒரு கீரி வெளியே வந்தது. பின்னாலேயே வால் பிடித்தாற்போல் இரண்டு குட்டிகள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அது பின்னங்காலில் எழுந்து நின்று, மூக்கைத் தூக்கி, என்னையே பார்த்தது.

"சிட்டு" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

அது ஓடவில்லை, வரவும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. சிட்டுதானா? எனக்குத் தெரியாது. சிட்டுவாக இருக்கட்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வராமல் போனதே, அதுதான் நல்லது என்பதும் இப்போது புரிகிறது.

உங்கள் ஊரிலும் கீரி இருக்கும். வயல் வரப்பிலோ, வேலி ஓரத்திலோ, பள்ளிக்கூடத்து மதிலுக்குப் பின்னாலோ காலை நேரத்தில் பார்க்கலாம். பார்த்தால் கல்லை எடுக்காதீர்கள், துரத்தாதீர்கள், கிட்டேயும் போகாதீர்கள். எட்ட நின்று அசையாமல் பாருங்கள். அடுத்த நாளும் பாருங்கள். அதற்கு அடுத்த நாளும் பாருங்கள். அவன் சண்டியரா, கணக்குப்பிள்ளையா, இல்லை அவள் சிட்டுவா என்று நாலைந்து நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தெரிந்ததும் ஒரு பெயர் வையுங்கள். பெயர் மட்டும் போதும், கயிறு வேண்டாம். சரிதானே, பிள்ளைகளே?